மரமில்லாப் புன்செய்க்கு மூன்றுகால் பரண்

ஒரு பயிருக்கு உழவு, விதை, எரு, நீர் ஆகிய நான்கும் வேண்டும் என்று யாவரும் சொல்லுவர். மலையடிவாரத்துப் புன்செய்க்கு ஐந்தாவதாக ஒன்றும் வேண்டும், அதுவே காவல். உழவைப் பற்றிக் கூறிய திருவள்ளுவரும், நீர் பாய்ச்சுவதைக் காட்டிலும் பயிரைக் காப்பது நன்று என்றே கருதினார். நம் சங்கங்கள் விதைக்குக் கடன் கொடுக்கின்றன. உரத்துக்குக் கடன் கொடுக்கின்றன. காவலுக்கு என்ன செய்கின்றன என்று கேட்டால் விடை கூறுவது எளிதன்று. அக்குறையை எண்ணியே இக்கட்டுரையை எழுத முற்பட்டோம்.

மேகமலையின் அடிவாரத்தில், வருசநாட்டுப் பக்கம் உள்ள ஒரு சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிட நாம் சென்றிருந்தோம். தவணை தவறியோர் பட்டியலில், அதுவரை ஒரு தவணையும் தவறாத முதிய அங்கத்தினர் ஒருவரின் பெயர் இருந்தது. காரணம் கேட்டபோது அவர் வாய்திறந்து ஒன்றும் சொல்லவில்லை. "வந்து பாருங்கள் ஐயா" என்று தம் நிலத்துக்கு அழைத்துச் சென்றார். இரண்டு ஏக்கர் நிலக்கடலை. உழுத நிலம் போலக் கிளறப்பட்டுக் கிடந்தது. முப்பத்தெட்டு இரவுகள் தாமே காவல் இருந்ததாகவும், முப்பத்தொன்பதாம் இரவு கண்ணயர்ந்து விட்டதாகவும், பன்றிகள் அந்த ஓர் இரவிலேயே முடித்துவிட்டதாகவும் கூறினார்.

"பரண் கட்டவில்லையா?" என்று கேட்டோம்.

"கட்டினேன் ஐயா. அதில் நடந்ததுதான் அது" என்று வீட்டுத் திண்ணையைக் காட்டினார். பதினான்கு வயதுள்ள அவருடைய பேரன் கையில் கட்டுடன் உட்கார்ந்திருந்தான். நான்கு கால் பரண், மேடுபள்ளமான தரையில் ஆடி ஆடி ஒரு காற்றில் சாய்ந்து விட்டதாம். திண்ணைக்குக் கீழே புதிதாக வாங்கிய கம்பிச் சுருள் ஒன்றும் கிடந்தது. அதை எதற்கு வாங்கினார் என்று நாம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆயினும் மோட்டார் அறையிலிருந்து அந்நிலம் எவ்வளவு தூரம் என்பதை இருவருமே கண்ணால் அளந்தோம்.

பரண் சாய்ந்த இடத்தில் மின்கம்பி வந்து நிற்கிறது. ஆகவே சாயாத பரண் ஒன்றைக் கட்டுவது எப்படி, அதை நான்கு குடும்பத்தார் கூடி ஆளுவது எப்படி என்பதே இங்கே நாம் கூறப் புகும் பொருள்.

பரணின் பழமை

பரண் நமக்குப் புதியதன்று. தினைப்புனத்தில் பரண்மீதிருந்து கிளி கடிந்த வள்ளியம்மையை அறியாத தமிழர் இல்லை. சங்க நூல்கள் இதனை இதணம் என்று குறிக்கின்றன. குறிஞ்சிப்பாட்டிலே தலைவியும் தோழியும் இதணத்தில் ஏறித் தினை காத்த செய்தி விரிவாகக் கூறப்பட்டுள்ளது. தட்டை, தழல், குளிர் என்று ஒலி எழுப்பும் கருவிகளின் பெயர்களும் அங்கே காணப்படுகின்றன.

வடநாட்டில் இதற்கு மச்சான் என்று பெயர். மஞ்சம் என்ற வடசொல்லின் திரிபு அது. நம் உறவுமுறை மச்சானுக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. வெள்ளையர் காலத்தில் புலி வேட்டைக்கும் மான் வேட்டைக்கும் மரக்கிளைகளில் மச்சான் கட்டினர். மரம் இல்லாத வெளிகளில் என்ன செய்வது என்ற கேள்வி உலகெங்கும் எழுந்தது. ஜெர்மனியில் வயலோரங்களில் மர ஏணியோடு கூடிய உயர்ந்த இருக்கைகளை நிறுத்தினர். அவற்றுள் சிலவற்றைச் சக்கரம் பூட்டி இழுத்துச் செல்வதும் உண்டு. அமெரிக்காவின் தெற்கு டெக்சாஸ் பகுதியில், ஆள் ஏறத்தக்க மரம் இல்லாத முட்புதர்க் காடுகளில், மூன்று காலில் நிற்கும் உயர்ந்த இருக்கைகளை மான் வேட்டைக்காரர்கள் கையாளுகின்றனர்.

அவ்வேட்டை இங்கே நமக்கு உரியதன்று. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கட்டுப்படுத்தியது; 1991ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு உரிமச்சீட்டுப் பெற்று வேட்டையாடும் முறையும் ஒழிந்தது. மேகமலை 2009இல் வனவிலங்குச் சரணாலயமாகவும், 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியாகவும் அறிவிக்கப்பட்டது. காட்டுப்பன்றியைப் பொறுத்தவரை 2025 ஜனவரியில் தமிழக அரசு ஓர் ஆணை வெளியிட்டது. அதன்படி காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுட இடமில்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால் சுடலாம். இவையனைத்தும் வனத்துறையினர் செய்ய வேண்டியவையே அன்றி, நிலத்துக்காரர் துப்பாக்கி எடுக்க இதில் அனுமதி இல்லை.

ஆயினும் வேட்டைக்காரரின் மூன்றுகால் அமைப்பு நமக்குப் பயன்படும். மரமில்லாத வெளியில் உறுதியாக நிற்பது, பிரித்து எடுத்துச் செல்லத்தக்கது என்னும் இரண்டு குணங்களும் நமக்கும் வேண்டியவையே.

வேட்டைப் பரணும் காவற் பரணும்

உருவம் ஒன்றாயினும் நோக்கம் நேர்மாறானது. வேட்டைக்காரன் தான் இருப்பது விலங்குக்குத் தெரியக்கூடாது என்று கருதுவான். ஆதலால் விளக்கை மறைப்பான், மூச்சையும் அடக்குவான், தன் வாடை விலங்கின் பக்கம் போகாதபடி காற்றைப் பார்த்து உட்காருவான். காவற்காரனுக்கோ தான் இருப்பது விலங்குக்குத் தெரிய வேண்டும். விளக்கு எரிய வேண்டும், பேச்சுக் கேட்க வேண்டும், மனித வாடை காட்டின் பக்கம் வீச வேண்டும். மறைந்திருப்பவன் வேட்டைக்காரன், தெரிந்திருப்பவன் காவற்காரன். இந்த ஒன்றை மனத்தில் கொண்டால் பரணை எங்கே நிறுத்துவது, எவ்வளவு உயரம் கட்டுவது என்பன தாமே விளங்கும்.

உயரத்தை எடுத்துக்கொள்வோம். மறைந்திருப்போர் விலங்கின் பார்வைக்கும் மோப்பத்துக்கும் மேலே போக வேண்டிப் பன்னிரண்டு, பதினைந்து அடி ஏறுகின்றனர். நமக்கு அது வேண்டாம். நிலக்கடலை, அவரை, தக்காளி முதலிய தாழ்ந்த பயிர்களுக்கு ஆறரை அடி உயரத்தில் தளம் இருந்தால் போதும். உட்கார்ந்திருப்பவரின் கண் தரைக்கு ஒன்பது அடி மேலே இருக்கும். இரண்டு ஏக்கர் நிலம் முழுவதும் விளக்கொளியில் தெரியும். சோளமும் மக்காச்சோளமும் ஆள் உயரத்துக்கு வளர்வதால், எவ்வளவு உயரம் ஏறினும் பயிருக்குள் புகுந்த விலங்கு தெரியாது. அங்கே பரணை உயர்த்துவதை விட, விதைக்கும்போதே பரணை நோக்கி இரண்டு மூன்று நடைவழிகள் விட்டு விதைப்பதே அறிவுடைமை. ஓர் அடி உயரம் கூடினால் விழுவோரின் அபாயமும் கூடும்.

மூன்று காலா, நான்கு காலா?

நாற்காலி சமதரையில் நன்றாக நிற்கும். மேடுபள்ளத்தில் அதன் ஒரு கால் எப்போதும் அந்தரத்தில் இருக்கும். ஆள் அசையும்போதெல்லாம் பாரம் காலுக்குக் கால் மாறும். கட்டுகள் சிறிது சிறிதாகத் தளரும். அந்த முதியவரின் பரணுக்கு நேர்ந்தது இதுவே. மூன்று காலுள்ள முக்காலியோ எந்தத் தரையிலும் ஆடுவதில்லை. மூன்று புள்ளிகள் எப்படி இருந்தாலும் அவை ஒரே தளத்தில் அமைந்துவிடும். அடுப்புக்கு மூன்று கல் வைத்த நம் முன்னோர் இதனை அறிந்தே வைத்தனர்.

மூன்று காலுக்கும் ஒரு குறை உண்டு; அதை மறைத்தல் தகாது. கால்களுக்கிடையே ஒன்பது ஒன்பது அடி விட்டு நிறுத்திய நான்கு கால் பரணில், நடுவிலிருந்து ஓரக்கோட்டுக்கு நாலரை அடி தூரம் உண்டு. அதே ஒன்பது அடி விட்டு நிறுத்திய மூன்று கால் பரணிலோ அத்தூரம் சுமார் 2.6 அடியே. பாரம் இக்கோட்டைத் தாண்டி வெளியே போனால் பரண் கவிழும். அஃதாவது நான்கு கால் ஆடும், எளிதில் கவிழாது. மூன்று கால் ஆடாது, கவனக்குறைவாக இருந்தால் கவிழும். ஆகவே மூன்றுகால் பரணில் தளம் முக்கோணத்தின் நடுவே அடங்கியிருக்க வேண்டும். ஏணியை இரு கால்களுக்கு இடைப்பட்ட பக்கத்தில் சாத்தாமல் ஒரு காலோடு ஒட்டியே கட்ட வேண்டும். காலோடு ஒட்டி ஏறினால் பாரம் அந்தக் காலின்மேல் இறங்கும். பக்கவாட்டில் ஏறினால் அதே பாரம் பரணை வெளியே இழுக்கும்.

வேண்டிய சாமான்கள்

மூன்று அங்குலக் கனமுள்ள முற்றிய மூங்கில், 14 அடி நீளத்தில் மூன்று. தளத்தின் சுற்றுக்கு அதே கனத்தில் ஐந்தடி மூங்கில் மூன்று. தளம் பரப்ப மூங்கில் பிளாச்சுகள். எட்டடி ஏணி ஒன்று. நல்ல தென்னங்கயிறு. தார்ப்பாய் ஒன்று. இரண்டடி நீளமுள்ள இரும்பு முளைகள் மூன்று. ஓரடிச் சதுரப் பலகைகள் மூன்று. எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 60 கிலோ எடை. இருவர் இரண்டு நடையில் சுமந்து போகலாம்.

மூங்கில் மூன்றாண்டுக்குக் குறையாத வயதுடையதாக இருத்தல் வேண்டும். இளமூங்கில் பச்சையாக உறுதிபோலத் தோன்றினும் காய்ந்ததும் சுருங்கிப் பிளக்கும். உளுப்பும் எளிதில் விழும். வெட்டிய மூங்கிலைச் சில வாரம் நீரில் ஊறப்போட்டுப் பின் நிழலில் உலர்த்துவது பழைய வழக்கம். உளுப்புக்கு இரையாகும் மாவுப்பொருள் அதனால் குறையும். மூங்கில் கிடைக்காத இடத்தில் சவுக்குக் கம்பு ஆகும். எடை மட்டும் கூடும்.

காட்டுக்குள் போய் மூங்கில் வெட்டுவது குற்றம். கடையில் வாங்கிச் சீட்டை வைத்துக்கொள்ள வேண்டும். காட்டுக்கு வெளியே வளர்ந்த மூங்கில், 2017ஆம் ஆண்டில் இந்திய வனச் சட்டத்துக்குச் செய்த திருத்தத்தின்மூலம் 'மரம்' என்ற வரையறையிலிருந்து நீக்கப்பட்டது. ஆகவே கிணற்றோரத்தில் ஒரு புதர் மூங்கில் வைத்தால் நாளைக்குப் பரணுக்கும் பந்தலுக்கும் உதவும்.

பிளாஸ்டிக் கயிறு வேண்டாம். அது மூங்கிலில் வழுக்கும். வெயிலில் ஓராண்டு கிடந்தால் நொறுங்கும். நொறுங்கியது வெளியே தெரியாது. தென்னங்கயிறு நைந்தால் நைந்ததைக் கண்ணுக்குக் காட்டிவிடும்.

கட்டும் முறை

மூன்று கால்களையும் தரையில் ஒன்றையொன்று ஒட்டிப் படுக்கவைத்து, நுனியிலிருந்து ஓரடி கீழே கயிற்றால் பிணைக்க வேண்டும். மூங்கிலைத் துளைத்து இரும்புக் கம்பி மாட்ட எண்ணுவோர் உண்டு. துளையிட்ட மூங்கில் அவ்விடத்திலேயே பிளக்கும். கயிறே நல்லது. இப்பிணைப்பை நம் நெசவாள அங்கத்தினருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. முதற் கம்புக்கு மேல், இரண்டாவதற்குக் கீழ், மூன்றாவதற்கு மேல். திரும்பும்போது முன்னர் மேலே போன இடத்தில் கீழே. பாவிலே ஊடை ஓடுவது போலவே எட்டுச் சுற்று ஓட வேண்டும். பிறகு கம்புகளுக்கு இடையே குறுக்கே இரண்டிரண்டு சுற்றுச் சுற்றி இறுக்க வேண்டும். மிகையாக இறுக்கினால் கால் விரியாது. தளர விட்டால் விரிந்த பின் வழுக்கும். இரண்டுக்கும் நடுவான பதம் ஒருமுறை கட்டிப் பார்த்தால் கைக்கு வந்துவிடும்.

இனிக் கால்களை விரித்து நிறுத்தலாம். அடிகளுக்கு இடையே ஒன்பது ஒன்பது அடி இருக்கும்படி கயிற்றால் அளந்து வைத்தால், பிணைப்பு தரைக்குச் சுமார் பன்னிரண்டு அடி உயரத்தில் நிற்கும். கால்கள் மேலும் விரியாதபடி, தரைக்கு ஓரடி மேலே மூன்றையும் இணைத்து ஒரு கயிறு கட்டுக. மூன்று பக்கமும் அக்கயிறு ஒரே விறைப்பில் இருத்தல் வேண்டும். பாவில் ஓர் இழை தளர்ந்தால் துணி கெடுவது போல, இதில் ஒரு பக்கம் தளர்ந்தால் பரண் ஒருபுறம் சாயும்.

ஆறரை அடி உயரத்தில் மூன்று ஐந்தடி மூங்கில்களையும் முக்கோணமாகக் கட்ட வேண்டும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. அவற்றைக் கால்களுக்கு உட்புறமாகக் கட்டக்கூடாது, வெளிப்புறமாகவே கட்டுக. கால்கள் கீழே போகப் போக விரிகின்றன அல்லவா? வெளிப்புறமாகச் சுற்றிய முக்கோணம் கீழே இறங்க வேண்டுமானால் அது பெரிதாக வேண்டும். பெரிதாக முடியாதாகையால், பாரம் ஏற ஏற அது இறுகும். உட்புறமாகக் கட்டியதோ பாரம் ஏற ஏறச் சறுக்கும். அந்த முதியவர் இதைக் கேட்டதும் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. தம் பழைய பரணின் குறுக்குக் கம்புகள் உட்புறமாகவே கட்டப்பட்டிருந்தன என்று பிறகு கூறினார்.

இம்முக்கோணத்தின்மீது பிளாச்சுகளைப் பரப்பிக் கட்டினால், பக்கத்துக்கு நாலடி உள்ள தளம் கிடைக்கும். இருவர் உட்காரலாம், படுக்க இயலாது. படுக்க இயலாதிருப்பதும் காவலுக்கு நன்றே. தளத்துக்கு இரண்டரை அடி மேலே கால்களைச் சுற்றி இரண்டு சுற்றுக் கயிறு கட்டினால் அதுவே கைப்பிடி. உச்சியிலிருந்து தார்ப்பாயை இறக்கினால் பனிக்கும் தூறலுக்கும் கூரை. காற்றுக் காலத்தில் அதைச் சுருட்டிவிட வேண்டும். ஆடி மாதக் காற்று கம்பம் பள்ளத்தாக்கில் எப்படி வீசும் என்பதை நம் அங்கத்தினர் அறிவர். விரித்த தார்ப்பாய் பரணைப் பாய்மரக் கப்பலாக்கிவிடும்.

ஈரமண்ணில் கால் புதையாதபடி ஒவ்வோர் அடிக்கும் கீழே பலகை வைக்க வேண்டும். ஒவ்வோர் அடிக்கும் அருகில் இரும்பு முளையைச் சாய்வாக அடித்துக் காலோடு கட்ட வேண்டும். காற்று எப்பக்கம் அடித்தாலும், ஆள் எப்பக்கம் சாய்ந்தாலும் தாங்குவது இம்முளையே. மூன்று கால் எளிதில் கவிழும் என்று மேலே கூறிய குறைக்கு மருந்தும் இதுவே.

கட்டியவுடன் ஏறிவிடக் கூடாது. 25 கிலோ மணல் கொண்ட பைகள் பன்னிரண்டைத் தளத்தின்மீது அடுக்கி ஓர் இரவு விடுக. இருவரின் எடை 140 கிலோ என்று கொண்டால், இது அதைப்போல் இரண்டு பங்குக்கும் மேல். காலையில் கட்டுகள் நகர்ந்திருக்கின்றனவா, மூங்கிலில் வெடிப்பு உண்டா என்று பார்த்த பின்னரே மனிதர் ஏறலாம். அதற்குப் பின்னும் ஒவ்வொரு மாலையும், ஏறுமுன் பிணைப்பு ஒன்று, மூலைக் கட்டு மூன்று, முளை மூன்று ஆக ஏழு இடங்களைத் தொட்டுப் பார்த்தல் வேண்டும். பனியிலும் வெயிலிலும் கயிறு தளர்வது இயல்பு.

நிறுத்தும் இடம்

பரணை நிலத்தின் நடுவே நிறுத்துவது வழக்கம். காட்டை ஒட்டிய ஓரத்தில் நிறுத்துவதே பயன் தரும். பயிருக்குள் புகுந்த பன்றியை விரட்டினால், அது ஓடும் வழியெல்லாம் பயிரை மிதிக்கும். புகுமுன் திருப்பினால் ஒரு செடியும் கெடாது.

காற்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அமைதியான இரவுகளில் குளிர்ந்த காற்று மலையிலிருந்து பள்ளத்தாக்கை நோக்கி இறங்குகிறது. விலங்கும் மலையிலிருந்தே இறங்குகிறது. ஆகவே நம் வாடை ஊர்ப்பக்கம் போகுமேயன்றி விலங்குக்கு எட்டாது. காட்டுப்பன்றிக்குக் கண் மங்கல், மோப்பம் மிகக் கூர்மை. கடமானுக்கு மோப்பமும் செவியும் கூர்மை. இத்தகைய இரவுகளில் வாடை செய்யாத வேலையை ஒலியும் ஒளியும் செய்ய வேண்டும். தகரத்தைத் தட்டுவதும், இருவர் உரத்துப் பேசுவதும், கைவிளக்கைச் சுழற்றுவதும் நல்லனவே. ஆனால் ஒரே ஒலியை ஒரே நேரத்தில் தினந்தோறும் செய்தால் விலங்கு அதைப் பழகிவிடும். நான்கைந்து நாளுக்கு ஒருமுறை பரணை இடம் மாற்றுக. எடுத்துச் செல்லத்தக்க பரணின் பெரும்பயன் இதுவே. நட்ட பரண் எங்கே இருக்கிறது என்பதை ஒரு வாரத்தில் பன்றி கற்றுக்கொள்ளும். நகரும் பரணை அவ்வாறு கற்க இயலாது.

செய்யத் தகாதவை

யானை வரும் வழியில் இப்பரணை நிறுத்தவே கூடாது. 2023 மே மாத இறுதியில் அரிக்கொம்பன் என்னும் யானை கம்பம் நகரத் தெருக்களுக்குள்ளேயே வந்ததை நாம் மறக்கவில்லை. மூங்கில் பரண் யானைக்கு ஒரு துரும்பு. யானை நடமாட்டம் தெரிந்த நாட்களில் காவலை விட்டு வீட்டில் இருந்து, வனத்துறையினருக்குத் தகவல் கொடுப்பதே கடமை. பயிர் போனால் நிவாரணம் கேட்கலாம்.

இடி மின்னல் தொடங்கினால் உடனே இறங்கிக் கட்டிடத்துக்குள் போய்விட வேண்டும். மரமில்லாத வெளியில் எல்லாவற்றிலும் உயரமாக நிற்பது நம் பரணே என்பதை மறக்கலாகாது. தளத்தின்மீது கொசுவர்த்தியோ, பீடியோ, அடுப்போ கூடாது. குடித்தவர் ஏறக்கூடாது. சிறுவரை இரவுக் காவலுக்கு அனுப்புதல் எக்காரணம் கொண்டும் கூடாது.

எல்லாவற்றினும் மேலாக, வேலியில் மின்சாரம் பாய்ச்சக் கூடாது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, பன்றிக்கென்று சட்டத்துக்கு மாறாகப் போட்ட மின்கம்பியில் மூன்று பெண் யானைகள் மாண்டன. இரண்டு குட்டிகள் தாயின்றி நின்றன. விலங்கு மட்டுமா? அதிகாலையில் தண்ணீர் பார்க்கச் செல்லும் அண்டை நிலத்தாரின் காலும் அதே கம்பியில்தான் படும். சூரிய ஒளி வேலி என்பது வேறு. அதில் மின்சாரம் கணநேரத் துடிப்பாகவே வரும். அதையும் 2023ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவு செய்துகொண்டே அமைத்தல் வேண்டும். வீட்டு மின்சாரத்தின் 230 வோல்ட்டு இடைவிடாது ஓடும், தொட்டவனை விடாது.

நால்வர் கூடிய காவல்

பரண் எவ்வளவு உறுதியாயினும் அதன்மேல் இருப்பவர் உறங்கினால் பயனில்லை. முப்பத்தெட்டு இரவு விழித்தவர் முப்பத்தொன்பதாம் இரவு உறங்கியது அவர் குற்றமன்று, உடலின் இயல்பு. இங்கேதான் கூட்டுறவு வேண்டும்.

கணக்கைப் பார்ப்போம். காய் பிடித்தது முதல் அறுவடை வரை 60 இரவுகள் காவல் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் தனியே காத்தால் 60 இரவும் அவருடையதே, அதுவும் துணையின்றி. அடுத்தடுத்த நிலத்தார் நால்வர் கூடி ஒரு பரண் வைத்து, இரவுக்கு இருவராகக் காத்தால், மொத்தம் 120 முறை, தலைக்கு 30. உழைப்பில் பாதி குறைந்தது, துணையும் கிடைத்தது, ஒருவர் கண்ணயரும்போது மற்றவர் விழித்திருக்கலாம், மறுநாள் வீட்டில் உறங்கி எழலாம். பரணின் செலவும் நாலில் ஒரு பங்காயிற்று.

இதற்கு நான்கு விதிகள் போதும். காவல் முறையை ஒரு நோட்டில் எழுதி நால்வரும் கையொப்பமிடுதல். முறை தவறியவர் அடுத்த வாரம் இரட்டிப்பாகக் காத்தல். யார் நிலத்தில் காய் முந்துகிறதோ அங்கே பரண் முதலில் நிற்றல். கயிறு மாற்றும் செலவை நால்வரும் சமமாகக் கொடுத்தல். மூன்றாவது விதியே சண்டைக்கு இடம். அதைப் பயிர் விதைக்கும் முன்னரே பேசி முடித்துவிட வேண்டும். காய் பிடித்த பிறகு பேசினால் பேச்சு முடியாது.

அந்த முதியவரும் அண்டை நிலத்தார் மூவரும் அடுத்த பருவத்தில் இவ்வாறே செய்தனர். குறையின்றி நடந்தது என்று கூற மாட்டோம். ஒருவர் இரண்டு முறை வரவில்லை. ஓர் இரவு கடமான்கள் தெற்கு மூலையில் அவரைக்கொடிகளை மேய்ந்துவிட்டன. காற்றுக்காலத்தில் தார்ப்பாய் ஒன்று கிழிந்தது. ஆயினும் நான்கு நிலத்துக் கடலையும் களத்துக்கு வந்தது. பரணிலிருந்து ஒருவரும் விழவில்லை. முதியவர் ஒரு தவணையைக் கட்டிவிட்டார். மற்றொன்றுக்கு நாள் கேட்டிருக்கிறார்.

மறுமுறை நாம் சென்றபோது திண்ணைக்குக் கீழே பார்த்தோம். கம்பிச் சுருளைக் காணவில்லை. நம் பார்வையை அவர் கண்டுகொண்டு, "ஓடைப்பட்டியில் என் மருமகன் திராட்சைப் பந்தலுக்குக் கம்பி வேண்டும் என்றான் ஐயா, கொடுத்து விட்டேன்" என்றார். கம்பிக்கு அது தக்க இடம்.